முதல்வர் நாற்காலிக்கு நான்கு வழிகள்: எந்த வழி யாருக்கு?

கொஞ்ச நாளில் மூன்று பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவருக்கு 26 வயது. ஆரணிப் பக்கம் சொந்த ஊர், சென்னையில் வேலை. இன்னொருவர் மதுரையில் சட்டம் படிக்கும் பெண், வயது 23, ஊர் நத்தம் பக்கம் ஒரு கிராமம். மூன்றாமவர் 31 வயதுக்காரர். யூடியூபில் அரசியல் பேசுகிறார், அவரைக் கேட்பதற்கென்று ஒரு கூட்டமும் இருக்கிறது. மூவருக்கும் அரசியலுக்கு வர வேண்டும். எந்த வாசல் வழியாக நுழைவது என்பதில்தான் குழப்பம்.

"கவுன்சிலர் பதவியோடு நின்றுவிடுகிற ஆசை இல்லை அண்ணா, ஒருநாள் முதலமைச்சர் ஆகணும்" என்று வெளிப்படையாகச் சொன்னார் யூடியூப் தம்பி. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மாமாவின் துணிக்கடையில் நின்ற விருதுநகர்ப் பையன் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த மாநிலத்தை ஆண்டிருக்கிறார். அந்த ஆசையை வெளியே சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஆசைக்கு என்ன விலை, எந்த வழியில் எவ்வளவு தூரம் என்பதைக் கணக்குப் போட்டுவிட்டு இறங்குவது நல்லது. இதுவரை அந்த நாற்காலிக்குப் போனவர்களின் தடத்தை வைத்தே அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான்கு அளவுகோல்களை எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது காலம். உங்கள் வாழ்நாளில் எத்தனை வருடத்தை அந்த வழி கேட்கும்? இரண்டாவது பணம். வேட்பாளர் செலவு மட்டும் இல்லை, தேர்தல் இல்லாத வருடங்களில் ஆகிற செலவும் சேர்த்து. மூன்றாவது, சாவி யார் கையில்? உங்களை மேலே ஏற்றியவரால் ஒரே நாளில் இறக்கிவிட முடியுமா என்பது. நான்காவது, நாற்காலி கிடைக்காமலே போனால் கையில் என்ன மிஞ்சும்?

நான்காவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். லட்சக்கணக்கான பேர் அரசியலில் இருக்கிறார்கள், முதல்வர் ஒருவர்தான். போகிற வழியில் பாதியில் நின்றுபோனாலும் அந்த இடம் உங்களுக்குப் பிடித்த இடமாக இருக்க வேண்டும்.

காலத்தைப் பற்றி முதலிலேயே ஒரு பட்டியல் போட்டுவிடுகிறேன். "குறுக்குவழி" என்று நாம் நினைக்கும் பல வழிகள் எவ்வளவு நீளம் என்று இதில் தெரியும்.

| யார் | அரசியலில் கால் வைத்தது | முதல்வரானது | நடுவில் |
|---|---|---|---|
| காமராஜர் | 1919–20 வாக்கில், காங்கிரஸ் தொண்டர் | 1954 | சுமார் 34 ஆண்டுகள் |
| அண்ணா | 1930-களின் நடுப்பகுதி | 1967 | 30-க்கு மேல் |
| கலைஞர் | 1938, இந்தி எதிர்ப்பு, 14 வயதில் | 1969 | 31 |
| எம்.ஜி.ஆர். | 1953, தி.மு.க. | 1977 | 24 |
| ஜெயலலிதா | 1982, அ.தி.மு.க. | 1991 | 9 |
| எடப்பாடி பழனிசாமி | 1974, கிளைச் செயலாளர் | 2017 | 43 |
| ஸ்டாலின் | 1976-ன் மிசா சிறையிலிருந்து கணக்கிட்டால் | 2021 | 45 |

எம்.ஜி.ஆருக்கு எதிரே இருக்கும் 24-ஐ இன்னொரு முறை பாருங்கள். அந்தக் கணக்குக்கு வழி 3-ல் வருகிறேன்.

## வழி 1: கட்சியில் கிளையிலிருந்து ஏறுவது

கிளைச் செயலாளர், ஒன்றியச் செயலாளர், மாவட்டச் செயலாளர், பொதுக்குழு, செயற்குழு என்று படிப்படியாகப் போகிற வழி. கூட்டத்துக்கு ஆள் கூட்டிப் போவது, விளம்பரம் எழுதச் சுவர் பிடித்து வைப்பது, பூத்தில் உட்காருவது, வாக்காளர் பட்டியலில் யார் செத்தார், யார் ஊர் மாறினார் என்று தெரிந்து வைப்பது எல்லாம் இந்த வழியின் அன்றாடம்.

இதற்கு முழு உதாரணம் எடப்பாடி பழனிசாமி. 1974-ல் கிளைச் செயலாளர். 1989-ல் அ.தி.மு.க. இரண்டாக உடைந்திருந்தபோது ஜெயலலிதா அணியின் சேவல் சின்னத்தில் நின்று எடப்பாடியில் ஜெயித்தார். 1991-ல் மறுபடி ஜெயித்தார். அதற்கப்புறம் வந்த காலத்தைத்தான் யாரும் பேசுவதில்லை. 1996-ல் சட்டமன்றத் தேர்தலில் தோல்வி. 1998-ல் திருச்செங்கோட்டில் மக்களவைக்கு வெற்றி, அடுத்த ஆண்டே தோல்வி. 2004-ல் தோல்வி, 2006-ல் சொந்தத் தொகுதியிலேயே தோல்வி. பத்து வருடத்தில் நான்கு தோல்வி. 2011-ல்தான் அமைச்சர் பதவி வருகிறது, 2017 பிப்ரவரி 16-ல் முதல்வர் பதவி. அந்தப் பத்து வருடத்தில் அவர் கட்சியை விட்டு ஒதுங்கியிருந்தால் இந்தக் கட்டுரையில் அவர் பெயர் வந்திருக்காது.

காமராஜரும் இந்த வழிதான், ஆனால் அவர் காலத்துக் கட்டணம் வேறு. சிறையில் மட்டும் கிட்டத்தட்ட ஒன்பது ஆண்டுகள். 1940-ல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர். 1954-ல் ராஜாஜி விலகியபோது சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் சி. சுப்பிரமணியத்தை 93-க்கு 41 என்று தோற்கடித்தார். அப்போது அவர் சட்டமன்ற உறுப்பினர்கூட இல்லை. பிறகு குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தார். தன்னை எதிர்த்துப் போட்டியிட்ட சுப்பிரமணியத்தையும், அவர் பக்கம் நின்ற பக்தவத்சலத்தையும் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். அடிமட்டத்திலிருந்து கட்சியை அறிந்தவருக்கு யாரை எங்கே வைப்பது என்று தெரிந்திருக்கிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துபோகும்.

சரி, மறைந்திருக்கும் செலவுகள் என்ன? எங்கள் ஊரில் முப்பது வருடத்துக்கு மேல் கிளைச் செயலாளராக இருந்த ஒருவரைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம். கொடிக்கம்பத்துக்குப் பெயின்ட், கூட்டத்துக்கு வேன் வாடகை, வருகிறவர்களுக்கு டீ, டிபன். ஊரில் நடக்கும் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மொய். பெரிய பதவியில் இருப்பவர் வந்தால் சால்வை. இவை எந்தத் தேர்தல் கணக்கிலும் ஏறாது. அவருடைய மனைவி ஒருமுறை, "கட்சிக்குக் குடுத்தது போக மிச்சம்தான் எங்களுக்கு" என்று சொன்னார். கோபத்தில் சொல்லவில்லை, அப்படியே சாதாரணமாகச் சொன்னார்.

அப்புறம், தொகுதி கைவிட்டுப் போகிற ஆபத்து. பத்து வருடம் உழைத்த தொகுதி கூட்டணிப் பேச்சில் வேறு கட்சிக்குப் போய்விடும். அல்லது மறுவரையறையில் தனித்தொகுதியாகும், பொதுத்தொகுதியாகும். விருப்ப மனு கொடுத்து, பணம் கட்டி, நேர்காணலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்த பிறகுதான் பட்டியலில் வேறு பெயர் இருப்பது தெரியும்.

சாவி தலைமையின் கையில். இதில் என்னை எப்போதும் உறுத்தும் ஒரு பெயர் நாவலர் நெடுஞ்செழியன். 1969-ல் அண்ணா மறைந்தபோது இடைக்கால முதல்வர், 1987-ல் எம்.ஜி.ஆர். மறைந்தபோதும் இடைக்கால முதல்வர். இரண்டு முறையும் சில நாட்கள்தான். தி.மு.க. தொடங்கிய காலத்திலிருந்தே முன்வரிசை, நல்ல தமிழ், நிர்வாக அனுபவம் எல்லாம் இருந்தும் நாற்காலி நிலைக்கவில்லை. கட்சி வழியில் இரண்டாம் இடம் வரை உழைப்பு கொண்டுபோகும். முதல் இடத்துக்கு, அந்த நாளில் அந்த அறையில் எத்தனை எம்.எல்.ஏ.க்கள் உங்கள் பக்கம் என்பது கணக்கு.

தோற்றால் என்ன மிஞ்சும்? எங்கள் ஊர்க் கிளைச் செயலாளர் ஒன்றியப் பொறுப்புக்குக்கூடப் போகவில்லை. ஆனால் முதியோர் ஓய்வூதியம் நின்றுபோனால், ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்காமல் தவித்தால், போலீஸ் ஸ்டேஷனுக்கு யாராவது துணைக்கு வர வேண்டும் என்றால் கடைசி வரை அவரிடம்தான் போனார்கள். அவர் இறந்த அன்று எல்லாக் கட்சிக்காரர்களும் வந்து நின்றார்கள்.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்: சொந்த ஊரிலேயே இருக்க முடிகிறவருக்கு, அரசியல் சாராத வருமானம் ஒன்று உள்ளவருக்கு (விவசாயம், கடை, மில், வக்கீல் தொழில் எதுவாகவும் இருக்கலாம்), நான்கு முறை தோற்றும் ஐந்தாவது முறை மனு கொடுக்கும் மனம் உள்ளவருக்கு.

## வழி 2: உள்ளாட்சியில் தொடங்குவது

சட்டமன்றத்துக்கு நிற்க 25 வயது வேண்டும். உள்ளாட்சிக்கு 21 போதும். கட்சியே இல்லாமலும் தொடங்கலாம், ஏனென்றால் கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர் தேர்தல்கள் கட்சிச் சின்னத்தில் நடப்பதில்லை. ஒன்றியக் குழு, மாவட்ட ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று மேலே போனால்தான் சின்னம் வரும்.

நாற்காலி வரை போனவர்களில் உள்ளாட்சியைத் தொட்டவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். ராஜாஜி 1917-ல் சேலம் நகராட்சித் தலைவர். காமராஜரை 1941-ல் சிறையில் இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள்; விடுதலையாகி வந்து, பொறுப்பை ஏற்ற கையோடு விலகிக்கொண்டார். ஓ. பன்னீர்செல்வம் 1996-ல் பெரியகுளம் நகராட்சித் தலைவர். அதே 1996-ல் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சென்னையின் முதல் மேயர் ஸ்டாலின்.

ஸ்டாலின் விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தந்தை 1989-லும் 1996-லும் முதல்வரானபோது அவர் எம்.எல்.ஏ.வாக இருந்தார், அமைச்சராகவில்லை. நிர்வாகத்தில் கையெழுத்துப் போடும் முதல் பெரிய பதவி அவருக்கு மாநகராட்சியில்தான் வந்தது. 2006-ல் அமைச்சரானபோது கிடைத்த துறையும் உள்ளாட்சிதான். பாலம், வடிகால், குப்பை, குடிநீர் என்று மக்கள் தினமும் தொட்டுப் பார்க்கிற வேலை அது. வேறு எந்தப் பதவியும் இந்தப் பாடத்தை இவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொடுக்காது என்பது என் திடமான எண்ணம்.

ஊராட்சி மன்றத் தலைவரின் ஒரு வருடத்தை எடுத்துப் பாருங்கள். கிராம சபையில் எதிரே உட்கார்ந்து ஆட்கள் கேள்வி கேட்பார்கள்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இப்போது மார்ச் 22, நவம்பர் 1-உம் சேர்ந்திருக்கின்றன. வரவு செலவைப் படிக்க வேண்டும், தீர்மானம் போட வேண்டும். காசோலையில் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் வெளியே வரும். அவர் எதிரணி ஆள் என்றால் ஒரு மோட்டார் ரிப்பேருக்குக்கூட அவரோடு பேசிச் சமாதானமாக வேண்டும். கூட்டணி ஆட்சி நடத்துவதற்கு இதைவிட நல்ல பயிற்சி எங்கே கிடைக்கும்?

சரி, கஷ்டங்கள். முதல் கஷ்டம், தேர்தல் எப்போது வரும் என்பதே நிச்சயமில்லை. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் நின்றுபோனது. கிராமங்களில் பெரும்பாலான மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரில் நடந்தது, மீதி ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில். நகரங்களுக்கு 2022 பிப்ரவரியில்தான். ஐந்து வருடத்துக்கு மேல் சென்னையிலிருந்து சின்னப் பேரூராட்சி வரை ஒரு கவுன்சிலர் இல்லை. 2016-ல் 24 வயதில் தயாராக இருந்த ஒருவருக்கு 2022-ல் 30 ஆகிவிட்டது.

இரண்டாவது, இடஒதுக்கீட்டுச் சுழற்சி. நீங்கள் நன்றாக வேலை செய்தாலும் அடுத்த முறை அந்த இடம் உங்கள் பிரிவுக்கு இல்லாமல் போகலாம். சுழற்சி நியாயமானது, தேவையானது. ஆனால் உங்கள் திட்டத்தில் அதற்கு இடம் விட்டு வைக்க வேண்டும். மூன்றாவது, சாவி. மக்கள் ஓட்டுப் போட்டு வந்த ஊராட்சித் தலைவரையே, 1994 ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆம் பிரிவைப் பயன்படுத்தி மாவட்ட ஆட்சியர் நீக்க முடியும். மேயரை 2022-ல் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். அப்படியென்றால் அந்தச் சாவி கட்சியிடம்.

நான்காவது கஷ்டத்தைப் பட்டியலில் சும்மா ஒன்றாகச் சேர்க்க என்னால் முடியவில்லை. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டபோது அங்கே தலைவராக வென்ற முருகேசனை, 1997 ஜூன் 30-ல் பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். கூட இருந்தவர்களும் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 முதல் 2006 வரை தலைவர் தேர்தலையே நடத்த விடவில்லை. இன்றும் தேசியக் கொடியேற்ற விடாத, நாற்காலி தராத ஊராட்சிகள் பற்றிச் செய்தி வருகிறது. ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து இந்த வழியில் வருகிறவர் தரும் விலை மற்றவர்கள் தருவதைவிட அதிகம். தனியாக இறங்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன். ஒரு அமைப்பு, ஒரு வக்கீல், பக்கத்து ஊராட்சிகளில் இதே நிலையில் இருக்கும் நான்கு தலைவர்கள், இவர்களோடு முதலிலேயே தொடர்பு வேண்டும்.

பெண்களுக்கு வேறொரு கணக்கு. தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. சட்டமன்றத்தில் ஒரு சீட்டுக்கு எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும் என்று யோசித்தால் இது திறந்திருக்கும் கதவு. கதவுக்கு உள்ளே கணவரோ மாமனாரோ நாற்காலியில் உட்காரப் பார்ப்பார்கள் என்பதும் நமக்குத் தெரிந்ததுதான். முதல் கூட்டத்திலேயே கையெழுத்தும் பேச்சும் உங்களுடையதாக இருந்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

பன்னீர்செல்வத்தின் ஏற்றத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நகராட்சித் தலைவராக ஐந்து வருடம், 2001-ல் முதல்முறை எம்.எல்.ஏ., உடனே அமைச்சர். செப்டம்பர் 21-ல் ஜெயலலிதாவின் நியமனம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் முதல்வர். எம்.எல்.ஏ. ஆகி ஐந்து மாதம்கூட முழுசாக ஆகவில்லை. மொத்தம் மூன்று முறை முதல்வரானார், மூன்று முறையும் ஐந்தாண்டு ஓடவில்லை. இவ்வளவு வேகமாக ஏறியவர்கள் தமிழ்நாட்டில் மிகக் குறைவு. அந்த வேகம் முழுக்க ஒரு தலைவியின் நம்பிக்கையிலிருந்து வந்தது. அவர் மறைந்த இரண்டே மாதத்தில் நாற்காலி போனது.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்: 21-லிருந்து 30 வயதுக்குள் இருப்பவருக்கு, பணம் குறைவாக இருந்தாலும் ஊரில் நல்ல பெயர் இருப்பவருக்கு, பெண்களுக்கு. முதல்வர் ஆகாவிட்டாலும் உங்கள் பெயரைச் சொல்ல ஒரு தண்ணீர்த் தொட்டியாவது ஊரில் நிற்கும்.

## வழி 3: புகழோடு வருவது

சினிமா, பத்திரிகை, மேடை, இப்போது யூடியூப். முகம் தெரிந்தவர் என்பதால் பாதி வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். மேலே பட்டியலில் 24-ஐப் பார்க்கச் சொன்னது இதற்குத்தான்.

எம்.ஜி.ஆர். 1953-ல் தி.மு.க.வில் சேர்ந்தார். 1962-ல் மேலவை உறுப்பினர், 1967-ல் பரங்கிமலையில் எம்.எல்.ஏ., பிறகு கட்சியின் பொருளாளர். 1972-ல் நீக்கப்பட்டபோது அவரிடம் புகழோடு சேர்ந்து இன்னும் இரண்டு இருந்தன: ஊர் ஊராக ரசிகர் மன்றங்கள், கட்சியை உள்ளே இருந்து பார்த்த இருபது வருட அனுபவம். அந்த மன்றங்கள் அப்படியே கிளைக் கழகங்களாக மாறின. அடுத்த மே மாதமே திண்டுக்கல் இடைத்தேர்தலில் அவர் தொடங்கிய அ.தி.மு.க.வின் வேட்பாளர் மாயத்தேவர் ஜெயித்தார். சினிமாவிலிருந்து நேராகக் கோட்டைக்குப் போனார் என்று சொல்வது அந்த இருபது வருடத்தை அழித்துவிடுகிறது.

ஜெயலலிதாவுக்கு ஒன்பது வருடம்தான். அந்த ஒன்பது வருடத்துக்குள் என்ன இருந்தது என்று பார்த்தால் யாரும் பொறாமைப்பட மாட்டார்கள். கொள்கை பரப்புச் செயலாளர், மாநிலங்களவை, எம்.ஜி.ஆர். இறுதி ஊர்வல வண்டியிலிருந்து தள்ளிவிடப்பட்டது, கட்சி உடைந்தது, சின்னம் முடங்கியது, சேவல் சின்னத்தில் 27 இடங்கள், 1989 மார்ச் 25-ல் சட்டமன்றத்தில் நடந்த கலவரம். அதைத் தாங்கியவர்தான் 1991-ல் முதல்வர்.

புகழ் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் சிவாஜி கணேசன். 1988-ல் தமிழக முன்னேற்ற முன்னணியைத் தொடங்கினார், 1989-ல் திருவையாற்றில் தோற்றார். நடிப்பில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் வாக்குச்சாவடிக்கு உள்ளே உட்கார ஆள் வேண்டுமே.

ஆந்திராவில் என்.டி. ராமராவ் 1982 மார்ச்சில் தெலுங்கு தேசம் தொடங்கி 1983 ஜனவரியில் முதல்வரானார். ஒன்பது மாதம்! ஆளுங்கட்சியான காங்கிரஸ் ஐந்து வருடத்துக்குள் நான்கு முதல்வர்களை மாற்றியிருந்ததில் மக்களுக்கு இருந்த கோபம், வேனையே வீடாக்கிக்கொண்டு அவர் சுற்றிய சுற்று, இரண்டும் ஒரே நேரத்தில் கூடிவந்தன. அப்படி ஒரு வெற்றிடம் எப்போது வரும் என்று யாராலும் நாள் குறிக்க முடியாது. அதே ராமராவை 1995-ல் அவருடைய கட்சி எம்.எல்.ஏ.க்களே மருமகன் சந்திரபாபு நாயுடு பக்கம் போய் இறக்கினார்கள். அடுத்த ஜனவரியில் இறந்துபோனார். வேகமாகக் கட்டிய கட்சியில் எம்.எல்.ஏ.க்களுக்குத் தலைவரோடு இருந்த உறவும் அவ்வளவு பழையதில்லை.

மறைமுகச் செலவு என்று பார்த்தால், வருமானம் தரும் தொழில் நின்றுபோகும். பாதிப் பேர் உங்களை வெறுக்கத் தொடங்குவார்கள். பழைய பேச்செல்லாம் தோண்டி எடுக்கப்படும். சாவி மட்டும் மற்ற வழிகளைவிட உங்கள் கையில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்: புகழை ஆள்பலமாக மாற்றத் தெரிந்தவருக்கு. தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்றத் தொகுதிக்குச் சராசரியாக 300 வாக்குச்சாவடிகள் வரும். அதிகாலையிலேயே வந்து மாதிரி வாக்குப்பதிவைப் பார்த்து, மாலையில் படிவம் 17-சியை (அந்தச் சாவடியில் பதிவான வாக்குகளின் கணக்கை) கையில் வாங்கும் வரை நகராத 300 பேரை உங்களால் திரட்ட முடியுமா? பத்து லட்சம் பேர் பார்க்கும் வீடியோவும் அந்த 300 பேருக்கு ஈடாகாது.

## வழி 4: சொந்தக் கட்சி

பதிவு செய்வது எளிது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள நூறு உறுப்பினர்கள், ஒரு சட்டதிட்டம், தொடங்கிய 30 நாளுக்குள் தேர்தல் ஆணையத்துக்கு விண்ணப்பம். சட்டமன்ற வேட்பாளருக்கு டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 5,000. செல்லுபடியான வாக்கில் ஆறில் ஒரு பங்கு வராவிட்டால் அது போய்விடும். 234 தொகுதியிலும் நின்றால் டெபாசிட் மட்டும் இருபது லட்சத்தைத் தாண்டும். வேட்பாளருக்கான செலவு உச்சவரம்பு 40 லட்சம். கட்சி செய்யும் செலவுக்கு உச்சவரம்பே கிடையாது என்பதால் பெரிய கட்சிகளோடு பணத்தில் போட்டி போடும் எண்ணத்தை முதல் நாளே விட்டுவிட வேண்டும்.

தி.மு.க. 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் தொடங்கியது. 1952 தேர்தலில் நிற்கவில்லை. நிற்கலாமா வேண்டாமா என்று 1956-ல் திருச்சி மாநாட்டில் தொண்டர்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். 1957-ல் 15 இடம். 1962-ல் 50 இடம், ஆனால் காஞ்சிபுரத்தில் அண்ணாவே தோற்றார். 1967-ல் ஆட்சி. 18 வருடம். நடுவில் ஒவ்வொரு ஊரிலும் படிப்பகம், மன்றம், மேடை. அந்தப் பொறுமை இப்போது யாரிடம் இருக்கிறது என்று எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

பிறகு வந்தவர்களைப் பாருங்கள். வைகோ 1994-ல் ம.தி.மு.க. தொடங்கினார், 1996-ல் ஒரு இடமும் இல்லை. விஜயகாந்த் 2005-ல் தொடங்கி, 2006-ல் 8 சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கியும் ஜெயித்தது அவர் ஒருவர் மட்டும். 2011-ல் கூட்டணியில் 29 இடம், எதிர்க்கட்சித் தலைவர். 2016-ல் பூஜ்யம். 2010-ல் உருவான நாம் தமிழர் கட்சி 2024 மக்களவைத் தேர்தலில் 8 சதவீதத்தைத் தாண்டியது, அதுவரை ஒரு தொகுதியும் இல்லை. அதிக வாக்கு வாங்கியவர் ஜெயிக்கும் நம் முறையில், மாநிலம் முழுக்கப் பரவலாக விழும் 8 சதவீதம் இடமாக மாறாது. டெல்லியில் ஆம் ஆத்மி 2012-ல் தொடங்கி அடுத்த ஆண்டே ஆட்சிக்கு வந்தது. ஆனால் அது 70 தொகுதி கொண்ட ஒரு நகரம்.

விஜய் 2024-ல் தொடங்கிய கட்சியை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. குறைந்தது இரண்டு, மூன்று தேர்தல் ஓடிய கட்சிகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்: ஏற்கெனவே ஒரு இயக்கம், சங்கம், மன்றம் கையில் இருப்பவருக்கு. கூடவே, உங்களோடு வரும் இளைஞர்கள் தங்கள் பத்து வருடத்தை உங்களை நம்பித் தருகிறார்கள். தோல்விக்குப் பிறகு அவர்கள் எங்கே போவார்கள் என்று யோசித்து வைத்திருப்பவருக்கு மட்டும்.

## மூன்று பேருக்கும்

ஆரணித் தம்பிக்கு: வேலையை உடனே விட வேண்டாம். வழி 1-ஐ வார இறுதியில் நடத்த முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஊரில் ஒரு வருமானம் அமையும் வரை பொறுங்கள். அதற்குள் சொந்த ஊர் முகவரியில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சென்னைக்கு மாற்றியிருந்தால் சொந்த ஊர் உள்ளாட்சியில் நிற்கவே முடியாது. வரும் தேர்தலில் ஏதாவது ஒரு கட்சிக்கு பூத் ஏஜென்டாக ஒருநாள் முழுக்க உட்காருங்கள். அந்த ஒரு நாள் பிடித்திருந்தால் மேலே பேசலாம்.

யூடியூப் தம்பிக்கு: உங்களுக்கு முதல்வர் ஆசை இருப்பது நல்லதுதான். சொந்தக் கட்சி வேண்டாம், இப்போதைக்கு. பார்க்கிறவர்களில் ஒரே ஒரு தொகுதிக்காரர்களை மட்டும் பிரித்து எடுத்து, வீடியோ இல்லாமல் ஒரு கூட்டம் போடுங்கள். முப்பது பேர் வந்தால் அதுதான் உங்கள் உண்மையான தொடக்கம். எம்.ஜி.ஆர். போல ஏற்கெனவே இருக்கும் ஒரு கட்சிக்குள் பத்து வருடம் இருந்து பாருங்கள் என்றுதான் சொல்வேன். அங்கே வாயைக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும் என்பது உங்களுக்குப் பெரிய விலை, எனக்குத் தெரியும்.

நத்தம் பக்கத்துத் தங்கைக்குச் சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை. வழி 2. 23 வயது, சட்டப் படிப்பு, சொந்த ஊரில் வீடு, பாதி இடம் பெண்களுக்கு. அடுத்த கிராம சபைக்குப் போகும்போது ஊராட்சியின் போன வருட வரவு செலவு நகலைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுப் போங்கள். ஒரு நோட்டு, பேனா. உங்கள் தெருவில் தெருவிளக்கு எரியாத கம்பங்களின் எண்களை எழுதிக்கொள்ளுங்கள். எழுந்து நின்று அதை மட்டும் கேளுங்கள், தீர்மானப் புத்தகத்தில் ஏறும் வரை உட்காராதீர்கள். அம்மாவையும் பக்கத்து வீட்டு அக்காவையும் கூட அழைத்துப் போங்கள்.